மைனஸ் எண்பதுக்குப் பூஜை

ஒரகடம் தொழிற்பேட்டையில், லாரி அச்சு செய்யும் ஆலைக்கும் பெயின்ட் கிடங்குக்கும் நடுவே கடல் இருக்கிறது. நம்பாதவர்கள் வாசல் பலகையைப் படித்துக்கொள்ளலாம்: ‘கடல்வாழ் உயிரிகளின் இயற்கைப் பெப்டைட் அடையாளம் காணல் மற்றும் பயன்பாட்டு உயர் மையம்.’ பலகை உள்ளே வருவதற்காக கேட்டை இடித்து அகலப்படுத்த வேண்டியிருந்தது. கடற்கரையிலேயே கட்டியிருக்கலாமே என்று கேட்ட ஒரே அதிகாரி, திறப்பு விழாவுக்கு முன்பே வேறு துறைக்குப் போய்விட்டார். இங்கே கட்டடம் தயாராக இருந்தது. கார் சீட் தைத்த கம்பெனி ஒன்று காலி செய்துவிட்டுப் போன கட்டடம் அது. கடல் தண்ணீரை நீல நிற கேன்களில் டெம்போ வைத்துக் கொண்டுவரலாம், கட்டடத்தைக் கொண்டுபோக முடியுமா?

கட்டடத்தோடு கம்பெனியின் பழக்கவழக்கங்களும் வந்து சேர்ந்தன. காலையில் சைரன், கை நீட்டி உறுதிமொழி, தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள்தான் நடை. இயக்குநர் டாக்டர் வனமாமலையும் ஒரு போல்ட் கம்பெனியிலிருந்து வந்தவர்தான். போல்ட் நட்டு இருப்பு நிர்வாகத்தில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். “உற்பத்தின்னா உற்பத்திதான். போல்ட்டா இருந்தா என்ன, பெப்டைடா இருந்தா என்ன?” என்று பதவியேற்ற அன்று அவர் பேசியதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். மாட்டச் சொன்னவரும் அவரே.

இந்த மையத்தில் பெப்டைட் தேடுகிற வேலைக்கு என்று இருந்தது ஒரே ஆள். பெயர் கனிஷ்கா. சங்கரன்கோவில் பெண். சுங்குவார்சத்திரத்தில், செல்போன் கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதியில் ஒரு கட்டில் அவளுடையது. அப்பா சங்கரநாராயணன் பஸ் கண்டக்டர். மகள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க அவள் ஒரு விடுமுறை முழுவதையும் செலவழித்திருக்கிறாள். கடல் முள்ளெலி என்று ஒரு பிராணி, உடம்பெல்லாம் முள், பார்த்தால் பந்து. கடலடிச் சேற்றில் எத்தனையோ கிருமிகளுக்கு நடுவில் கிடக்கிறது. நம் உடம்பில் இருக்கும் எதிர்ப்புச் சாமான்கள் பாதி அதனிடம் இல்லை. இருந்தும் சாகாமல் வருஷக்கணக்கில் வாழ்கிறது. எப்படி என்றால், அதன் உடம்புத் திரவத்தில் பெப்டைட் என்ற சின்னச் சின்னப் புரதத் துண்டுகள் இருக்கின்றன. அவற்றில் சில, கிருமியைக் கண்டால் ஓட்டை போட்டுக் கொன்றுவிடும். எந்தத் துண்டு என்று கண்டுபிடித்தால் நமக்கும் மருந்தாகலாம். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அன்றிலிருந்து போனில் முதல் வார்த்தையாக, “முள்ளெலி சௌக்கியமா இருக்கா?” என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

அவரைத் தவிர வேறு யாரும் முள்ளெலியை விசாரித்ததில்லை. மையம் விசாரித்தது எண்ணிக்கையைத்தான். ஆய்வகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. இன்றைய இலக்கு, இன்றைய சாதனை, தாமதக் காரணம் என்று அதில் மூன்று கட்டங்கள். இலக்கில் ‘பெப்டைட் – இரண்டு’ என்று நிர்வாகமே பெயின்ட்டால் எழுதிவிட்டது. சாதனைக் கட்டத்தில் கனிஷ்கா தினமும் பூஜ்யம் போட்டாள். காரணக் கட்டத்தில் முதலில் உண்மையை எழுதிப் பார்த்தாள். பிரித்தெடுக்க வேண்டிய கருவி இல்லை என்று எழுதினால் கருவி கேட்டதற்கு விளக்கம் கேட்டார்கள். இன்னும் சோதனை முடியவில்லை என்று எழுதினால் சோதனை எதற்கு என்று கேட்டார்கள். கடைசியில் ஒருநாள் வெறுத்துப்போய், ‘கடல் முள்ளெலி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினாள். அதற்கு மட்டும் யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஒத்துழைக்காத தொழிலாளியை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பாதுகாப்புத் தணிக்கையில் முள்ளெலிகள் ‘மூடப்படாத கூர்மையான பொருள்’ என்று பிடிபட்டன. ஒவ்வொரு முள்ளின் நுனிக்கும் ரப்பர் குல்லாய் மாட்டும்படி உத்தரவு வந்தது. மாட்டினாள். முள்ளெலிகள் அவற்றை உதறிப் போட்டதும் அவற்றின் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது என்று சட்டப் பிரிவு வருத்தத்துடன் தெரிவித்தது. மாடியில் பயன்பாட்டுப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அங்கே வேலை மும்முரமாக நடந்தது. இன்னும் கண்டுபிடிக்காத பெப்டைடுக்குப் பற்பசை, முகப்பூச்சு, கார் பாலிஷ் என்று பயன்களைக் கண்டுபிடித்து வழவழத் தாளில் கையேடு போட்டிருந்தார்கள். ‘நூறு சதவீதம் சைவம்’ என்று அட்டையிலேயே அச்சாகியிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் கனிஷ்கா கண்டுபிடித்துவிட்டாள் என்பதுதான் கதை.

கருவி இல்லாமல் கையாலேயே முள்ளெலித் திரவத்தைக் கூறு கூறாகப் பிரித்ததில் பதினேழாவது கூறு. ஆஸ்பத்திரி மருந்துக்கெல்லாம் அசையாத கிருமியைத் தட்டில் வளர்த்து, அதன்மேல் ஒரு சொட்டு வைத்தாள். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி மண்டியிருந்தது. சொட்டைச் சுற்றி மட்டும் ஒன்றும் இல்லை, துடைத்துவிட்ட மாதிரி சுத்தமான வட்டம். அவள் நம்பவில்லை. திரும்பச் செய்தாள். திரும்பவும் வட்டம். விடுதிக்குப் போகிற பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாள், அவ்வளவு சந்தோஷம்.

இனி அந்தத் துண்டில் என்னென்ன அமினோ அமிலங்கள், எந்த வரிசையில் கோத்திருக்கின்றன என்று தெரியவேண்டும். அதற்கான கருவி ஹைதராபாத்தில் இருந்தது. பூஜை விடுமுறை முடிந்ததும் குப்பியை அங்கே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை பதினேழாம் குப்பி மைனஸ் எண்பது டிகிரியில் உறைந்தபடி இருக்க வேண்டும். உருகினால், கூடவே இருக்கும் நொதிகள் பெப்டைடைக் கடித்துத் தின்றுவிடும். திரும்ப எடுக்க அடுத்த சீசன் முள்ளெலிதான் கிடைக்கும். அவள் வேலையோ இந்த டிசம்பரோடு முடிகிறது. ஆகவே அவளுடைய மூன்று வருஷமும், யாரோ பெயர் தெரியாத நோயாளிகளின் பிழைப்பும், கட்டைவிரல் அளவு குப்பியில் ஃப்ரீஸருக்குள் இருந்தன.

அப்போதுதான், பூஜைக்கு முந்தின நாள் காலையில், ஆயுத பூஜை சுற்றறிக்கை வந்தது.

‘மையத்தின் அனைத்து இயந்திரங்களும் முந்தைய நாள் மாலை நிறுத்தப்பட்டு, உள்ளும் புறமும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, விஜயதசமி காலை இயக்குநர் திருக்கரத்தால் மட்டுமே இயக்கப்பட வேண்டும். விதிவிலக்கு இல்லை.’

கனிஷ்கா அதை எடுத்துக்கொண்டு நிர்வாக அதிகாரி தோத்தாத்ரியிடம் ஓடினாள். ஸ்ரீபெரும்புதூர்க்காரர். கோயில் கைங்கரியக் குடும்பம். நெற்றி நிறையத் திருமண், குரலில் எப்போதும் ஒரு கனிவு. அவர் மறுத்தாலும் மறுத்த மாதிரி தெரியாது.

“சார், ஃப்ரீஸரை மட்டும் நிறுத்தக் கூடாது சார்.”

“ஏம்மா, அதுவும் மெஷின்தானே?”

“மெஷின்தான் சார். ஆனா அது எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கணும்.”

“அதனாலதாம்மா ஓய்வு குடுக்கணும்கறேன். வருஷம் பூரா ஒருநாள் லீவு போடலை, பாவம். நம்ம ஆபீஸ்ல வேற யாராவது அப்படி இருக்காளா, சொல்லு?”

யாரும் அப்படி இல்லை என்று கனிஷ்காவுக்கும் தெரியும். “சாமி கோவிச்சுக்காது சார்,” என்று மட்டும் சொன்னாள்.

“பெருமாள் ஏம்மா கோவிச்சுக்கறார்? எங்காத்துல ஃப்ரிட்ஜ் ஓடிண்டேதான் இருக்கும், ஓட ஓடத்தான் அதுக்குச் சந்தனம் வெப்போம். இங்க கேக்கறது பெருமாள் இல்லை, சர்க்குலர். பெருமாள்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம். ஆடிட்கிட்ட கேக்க முடியுமோ?” அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தி, “அது மெஷினே இல்லைன்னு எழிலரசிகிட்ட ஒரு வார்த்தை வாங்கிண்டு வந்துடு. விட்டுடலாம்,” என்றார்.

எழிலரசி பாதுகாப்புக்கும் பராமரிப்புக்கும் சேர்த்து ஒரே அதிகாரி. அன்று பூட்டுகள் அடங்கிய பெட்டியோடு வலம் வந்துகொண்டிருந்தாள். நிறுத்திய ஒவ்வொரு இயந்திரத்தின் ஸ்விட்சிலும் சிவப்புப் பூட்டு போட்டுச் சாவியைத் தன் இடுப்பில் மாட்டிக்கொள்வது அவள் கடமை.

“மெஷின் இல்லன்னு தாராளமா சொல்றேன் மேடம். அப்ப அது பர்னிச்சர். பர்னிச்சருக்குக் கரண்ட் குடுக்கிறது சேஃப்டி வயலேஷன், இப்பவே பிளக்கைப் பிடுங்கணும். மெஷின்னா சாயங்காலம் வரைக்கும் ஓட்டலாம். உங்களுக்கு எது வசதின்னு சொல்லுங்க.”

சாயங்காலம் வரை என்பதே கனிஷ்காவுக்கு வசதியாக இருந்தது.

“ஒரு ஃப்ரிட்ஜ் கூடவா ஓடாது மேடம்?”

“கேண்டீன் ஃப்ரிட்ஜ் ஓடும். அதுல டைரக்டரோட பால்கோவா இருக்கு.”

கேண்டீன் ஃப்ரிட்ஜ் மைனஸ் எண்பது தராது. மேல் தட்டில் ஐஸ்கட்டி செய்கிற இடம் இருக்கிறது, அதில் வைத்தால் உருகாமலாவது இருக்கும் என்று கனிஷ்கா நினைத்தாள். கேண்டீன் நடத்தும் கிளியம்மாள் படப்பைக்காரி. சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் ஐஸ் டப்பாவிலிருந்து குப்பியை எடுத்து ஒரு நொடி வெளிச்சத்தில் பார்த்தாள்.

“இம்மாத்தூண்டுதானா? வெச்சிடலாம் கண்ணு. இன்னா இது, சைவமா அசைவமா?”

கனிஷ்கா பொய் சொல்லியிருக்கலாம். ஆராய்ச்சியில் பொய் சொல்லக் கூடாது என்று படித்த பழக்கம், “கடல் முள்ளெலி உடம்புல எடுத்தது அக்கா,” என்றாள்.

“அய்ய, அப்ப கவுச்சி. பூஜ சாமான் வெச்சிக்கினுகீறேன் கண்ணு.”

“வெறும் தண்ணி மாதிரிதான் அக்கா. அரை ஸ்பூன் கூட இல்ல.”

“முட்டை உள்ளயும் தண்ணிதான் கீது. அத்த சைவம்னு சொல்வாங்களா?”

விஷயம் தோத்தாத்ரியிடம் போனது. அவர் மாடியிலிருந்து பயன்பாட்டுப் பிரிவையும் வரவழைத்து ஒரு குழு கூட்டினார். பெப்டைட் அசைவம் என்று சொன்னால் கையேட்டு அட்டை பொய்யாகிவிடும் என்று பயன்பாட்டுப் பிரிவு எச்சரித்தது. சைவம் என்று சொன்னால் பால்கோவாவோடு வைக்க வேண்டிவரும் என்று தோத்தாத்ரி தயங்கினார். கடைசியில் குழு ஒருமனதாக முடிவெடுத்தது: பதினேழாம் குப்பி கையேட்டின்படி சைவம், கேண்டீனின்படி அசைவம். கனிஷ்கா குப்பி இருந்த ஐஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஃப்ரீஸருக்கே திரும்பி ஓடினாள்.

தரமணியில் தோழி ஒருத்தியின் ஆய்வகம் இருந்தது. அங்கே பூஜைக்கு எதையும் நிறுத்துவதில்லை. கனிஷ்கா ஒரு தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பி, குப்பியை அதில் வைத்து கேட்டுக்குக் கொண்டுபோனாள். காவலாளி அப்பாவு ஸ்டூலில் இருந்து எழுந்து நின்றார்.

“கேட் பாஸ் வெச்சிக்கினுகீறியாம்மா?”

“போட்டுக் குடுங்க அண்ணாச்சி. அவசரம்.”

“அங்க பாரு.” அப்பாவு கை காட்டிய இடத்தில் கேட் பாஸ் அடிக்கும் கம்ப்யூட்டர் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திரையின் நடுவில் சந்தனப் பொட்டு.

“கையால எழுதிக் குடுங்க.”

“இன்னாத்தால எழுதறது? மதியமே தாம்பாளம் எத்துக்கினு வந்து அல்லா பேனாவையும் வாரிக்கினு பூட்டாங்க. என் பாக்கெட்ல இருந்த ரீஃபில் கூட பூஜைல கீது.” அவர் மேலே இருந்த கேமராவைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நா உன்னிய வுட்டுடுவேன்மா. அது வுடாது. போன மாசம் ஒரு துடப்பத்த வெளிய வுட்டதுக்கு ஒர்த்தன் வூட்டுக்குப் பூட்டான்.”

மையத்தில் எதுவும் இலக்குக்கு முன்பாகவே முடிந்துவிட வேண்டும். அதனால் சரஸ்வதி பூஜைக்கு வைக்க வேண்டிய பேனாக்களை முந்தின நாள் மதியமே சேகரித்துவிட்டார்கள். புகைப்படத்துக்கு அழகாக இருக்கும் என்று அவை கோலமாக அடுக்கப்பட்டிருந்தன. குப்பியைத் திரும்ப ஃப்ரீஸரில் வைத்துவிட்டு, கனிஷ்கா அந்தக் கோலத்தைத் தாண்டி இயக்குநர் அறைக்குள் நுழைந்தாள்.

டாக்டர் வனமாமலை அவள் சொன்ன எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கேட்டார். குறுக்கே பேசவே இல்லை. பிறகு கண்ணைத் திறந்தார்.

“உங்க கோரிக்கை நியாயமானது. ஃப்ரீஸரை நிறுத்தவே கூடாது. நான் முழு மனசோட அனுமதிக்கிறேன்.”

கனிஷ்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. வனமாமலை சட்டைப் பையைத் தொட்டார். பை காலியாக இருந்தது.

“ஆனா பேனா பூஜைல இருக்கே.”

“எங்கிட்ட ஒண்ணு இருக்கு சார்.” அவள் பையிலிருந்து துழாவி எடுத்தாள். யாருக்கும் தெரியாமல் தப்பிய பேனா.

அவர் அதை ஏதோ பல்லியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “பேனா வெச்சாச்சுன்னா எழுத்து நின்னாச்சு. படிச்ச பொண்ணு நீங்களே இப்படிச் சொல்லலாமா?”

“அப்ப வாயால ஒரு வார்த்தை எழிலரசி மேடம்கிட்ட சொல்லுங்க சார்.”

“வாய்ச்சொல்லா இந்த மையத்துல இதுவரைக்கும் ஒரு காரியமும் நடந்ததில்ல. எழுத்துலயும் எவ்வளவு நடந்ததுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா எது நடக்கலேன்னாலும் முறைப்படிதான் நடக்காம இருந்திருக்கு. அதுதான் நம்ம பெருமை.”

“கைநாட்டாவது வைங்க சார்!” கனிஷ்கா கிட்டத்தட்டக் கத்திவிட்டாள்.

வனமாமலையின் முகம் சிவந்தது. “டாக்டர் பட்டம் வாங்கினவனைக் கைநாட்டு வைக்கச் சொல்றீங்களா?” அப்புறம் தானாகவே தணிந்தார். பெருந்தன்மை அவருக்குப் பழக்கம். “வருத்தப்படாதீங்க. விஜயதசமி அன்னைக்கு என் முதல் கையெழுத்து உங்க கோப்புலதான். போங்க.”

சாயங்காலம் சைரன் ஊதியது. எழிலரசி ஃப்ரீஸரை நிறுத்தினாள். ஸ்விட்சில் சிவப்புப் பூட்டு விழுந்தது. கதவைத் திறக்காமல் விட்டால் குளிர் கொஞ்ச நேரம் தாங்கும் என்று கனிஷ்கா கெஞ்சினாள். உள்ளும் புறமும் என்று சுற்றறிக்கையில் இருக்கிறது மேடம், என்றாள் எழிலரசி. துப்புரவுப் பெண்கள் உள்ளே படிந்திருந்த பனியைச் சுரண்டி வாளியில் போட்டுக் குரோட்டன்ஸ் செடிகளுக்கு ஊற்றினார்கள். கனிஷ்கா பக்கத்திலேயே நின்றாள். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

பூஜை அன்று ஃப்ரீஸருக்கு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். திறந்த கதவில் மாவிலைத் தோரணம். ஆய்வகத்தின் ஆயுதம் எது என்று யாரோ கேட்க, யாரோ குப்பிகள்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். பொரி கடலைத் தட்டுக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் ஒரு தாம்பாளத்தில் குப்பிகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். பதினேழாம் குப்பிக்குக் குங்குமமும் இருந்தது. உள்ளே பனிக்கட்டி இல்லை, கொஞ்சம் தண்ணீர் ஆடியது. வெளியே நல்ல வெயில்.

“கும்பிட்டுக்கோம்மா,” என்றார் தோத்தாத்ரி, நிஜமான பரிவோடு.

கனிஷ்கா கும்பிட்டாள். மனசார வேண்டிக்கொண்டாள். அந்த மையத்தில் அவள் விண்ணப்பத்தைக் கையெழுத்து கேட்காமல் வாங்கிக்கொண்ட ஒரே இடம் அதுதான்.

விஜயதசமி காலை இயக்குநர் வந்தார். கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, குப்பிகளைத் திரும்ப உள்ளே வைக்கச் சொல்லி, கதவை மூடி, பூட்டுத் திறந்து, ஸ்விட்சைப் போட்டார். ஃப்ரீஸர் ஒரு முறை உறுமியது. திரையில் சிவப்பாக எண் எரிந்தது: 29.

“முன்னாடி எவ்வளவு இருந்தது?” என்று வனமாமலை கேட்டார்.

“மைனஸ் எண்பது சார்,” என்றாள் கனிஷ்கா.

“மைனஸா? இத்தனை நாளும் மைனஸ்லயா ஓடிக்கிட்டு இருந்தது? யாருமே எனக்குச் சொல்லலையே!” அவர் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “பாருங்க, ஒரே ஒருநாள் ஓய்வு. மைனஸ் எண்பதுல கிடந்த மெஷின் ப்ளஸ் இருபத்தொம்பதுக்கு வந்திருக்கு. நூத்தொம்பது புள்ளி முன்னேற்றம்! போல்ட் கம்பெனியில நான் இருபது வருஷத்துல பார்க்காத முன்னேற்றம்!”

எல்லோரும் கைதட்டினார்கள். வெள்ளைப் பலகையின் சாதனைக் கட்டத்தில் முதல் தடவையாகப் பூஜ்யம் அழிந்து, நூற்றொன்பது ஏறியது. ஃப்ரீஸர் இடுக்கிலிருந்து ஒரு வாடை கிளம்பிப் பரவியது. நம் மையத்தில் முதல் முறையாகக் கடல் வாசம் வருகிறது என்று இயக்குநர் நெகிழ்ந்தார். பயன்பாட்டுப் பிரிவு அதையும் ஒரு பயனாகக் குறித்துக்கொண்டது. சிறப்பாக அலங்கரிக்கப்பட்ட இயந்திரத்துக்கான பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸைக் கனிஷ்காவின் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

பிறகு தாம்பாளத்திலிருந்து பேனா எடுக்கப்பட்டது. வனமாமலை சொன்ன சொல் தவறவில்லை. பூஜை முடிந்த முதல் கையெழுத்தை அவள் கோப்பில்தான் போட்டார். ‘ஆயுத பூஜையின்போது குளிர்பெட்டியை நிறுத்தாமலிருக்க அனுமதிக்கப்படுகிறது.’ தோத்தாத்ரி அதைத் தானே கொண்டுபோய் ஃப்ரீஸர் கதவில், குங்குமத்துக்குக் கீழே ஒட்டினார். “நான் சொன்னேனோல்லியோ, நம்ம டைரக்டர் மாட்டேன்னு சொல்ல மாட்டார்,” என்றார்.

கூட்டம் கலைந்ததும் கனிஷ்கா பதினேழாம் குப்பியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கிருமித் தட்டில் வைத்தாள். மறுநாள் வந்து பார்த்தாள். வட்டம் இல்லை. சொட்டு விழுந்த இடத்திலும் கிருமி வளர்ந்திருந்தது. அவள் தட்டை மூடி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். அப்போது போன் அடித்தது.

“என்னம்மா, முள்ளெலி சௌக்கியமா இருக்கா?” என்றார் சங்கரநாராயணன். பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அதுக்கும் பூசை போட்டாங்கப்பா. சந்தனம், குங்குமம் எல்லாம் வச்சு.”

“அப்படியா! அந்தச் சின்ன சீவனுக்கும் வச்சிருக்காங்கள்லா. நல்ல மனுசங்கம்மா. அவங்கள விட்டுராத.”

“சரிப்பா.”

போனை வைத்தபோது, பின்னால் தோத்தாத்ரி நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு தாள். முகத்தில் அதே கனிவு. “டைரக்டர் ரொம்ப மனசொடிஞ்சு போயிட்டார்மா,” என்று ஃப்ரீஸரைக் காட்டினார். அது ராத்திரியெல்லாம் உழைத்துப் பழைய இடத்துக்கே வந்திருந்தது. திரையில் மைனஸ் எண்பது. உள்ளே குப்பிகள் கல்லாக உறைந்திருந்தன.

“ஒரே நாள்ல நூத்தொம்பது புள்ளி சரிஞ்சிருக்கு. காரணம் கேக்கறார். பலகையில எழுதிடு.”

கனிஷ்கா எழுந்து போய்ப் பலகைப் பேனாவை எடுத்தாள். பூஜையில் இருந்த பேனா, நன்றாகவே எழுதியது. தாமதக் காரணம் என்ற கட்டத்தில், ‘கடல் முள்ளெலி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினாள்.

தோத்தாத்ரி கண்ணாடியை இறக்கிப் படித்துப் பார்த்துவிட்டு, “அதானே,” என்றார்.